மாடு என்று சொன்னேன்

பிப்ரவரி 1, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உச்சி முதல் பாதம் வரை மூன்று தடவை தடவிப் பார்த்தேன். நெற்றியில் ஒரு சிவப்புகூட இல்லை. அழுதது பயத்தில்தான்.

மான். பெட்டை மான். உடனே செத்துவிட்டது.

பால் 9.10. மறுபடி 11.30.

பிப்ரவரி 2, திங்கள்

இந்த நோட்டு பாப்பா பால் குடித்த நேரம் எழுத வாங்கியது. நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அவள் தூங்கியபின் இன்று உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

தாளவாடியில் அவருடைய சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். மதியமே கிளம்பியிருக்கலாம். காபி குடிச்சுட்டுப் போங்க, பலகாரம் கட்டித் தர்றேன் இருங்க என்று ஐந்தாகிவிட்டது. பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்டும்போது இருட்டிக்கொண்டு வந்தது. காடு முடிய இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். அவர் ஓட்டினார். நான் முன்சீட்டில், பாப்பா மடியில். இடது பக்கமிருந்து ஒரு மான் ரோட்டைத் தாண்டி மறைந்தது. "பாப்பா, மானு பாரு, மானு!" என்று அவர் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். அதற்குப் பின்னாலேயே இரண்டாவது வந்தது.

வேகம் அறுபதுதான். அங்கே முப்பது என்று பலகை வைத்திருக்கிறார்கள், ஆனால் யார் முப்பதில் போகிறார்கள்?

பானெட் கூடாரம் போல நிமிர்ந்துவிட்டது. இடது ஹெட்லைட் இல்லை. பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. ரேடியேட்டர் ஒழுகியது. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, குடிக்கிற தண்ணீரையும் பாப்பாவின் பிளாஸ்க் வெந்நீரையும் அதில் ஊற்றித்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

விடியும் முன் எழுந்து அவரே முன்பக்கத்தைக் கழுவினார். பிறகு தார்பாய் போட்டு மூடினார். தார்பாய்க்கு அடியிலிருந்து ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீர் வாசல் சிமெண்டில் கோடாக வந்துகொண்டே இருக்கிறது. நான் பினாயில் ஊற்றிக் கழுவக் கழுவ வருகிறது.

இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் கம்பெனிக்குச் சொன்னால் எதில் மோதியது என்று கேட்பார்கள், ஆள் வந்து படம் எடுப்பார். மான் என்றால் வனத்துறைக்குப் போகும். தெரியாமல் அடித்தாலும் கேஸ்தான், வண்டியையும் பிடித்துக்கொள்வார்கள் என்கிறார் அவர். மற்ற சமயமாக இருந்தால் என்னவோ, இப்போது கேஸ் என்ற வார்த்தையே ஆகாது. ஐந்து வருஷம் படித்து, முப்பத்தோரு வயதில் அவர் அரசு இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறார். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. இந்த மாதத்துக்குள் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவார்கள். அவர் பேரில் ஒரு கேஸ் இருந்தால் ஆர்டர் வராது.

அவர்கள் வரும்போது வாசலில் உடைந்த வண்டி நிற்கக் கூடாது. சீக்கிரமாகவும், செலவில்லாமலும், சத்தமில்லாமலும் முடிக்க வேண்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அவர் மில் ஆபீசுக்கு லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்களாம். அதனால் பட்டறைக்கு நான்தான் போனேன், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. தாமோதரன் அண்ணன் தன் மினி லாரியில் கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனார். டிங்கரிங்கில் சத்தியமங்கலத்தில் அவர் கை நல்ல கை என்று சொல்வார்கள்.

"மரத்துல இடிச்சுட்டோம்னு சொல்லு" என்று இவர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியே சொன்னேன்.

தாமோதரன் அண்ணன் குனிந்து கிரில்லுக்குள் விரலை விட்டார். "மரமுங்களா? மரம்னா பட்டையல்ல இருக்கோணும். இது ரோமமா இருக்குதே அம்மணி."

அங்கே பெஞ்சில் பால் வண்டிக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"மாடுங்கண்ணா. மாடு குறுக்க வந்துருச்சு."

"எங்கீங்க?" என்றார் பால் வண்டிக்காரர்.

"பண்ணாரி ரோட்டுலீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

எதற்கு இடத்தையும் நாளையும் சொன்னேன்? தேர்வு ஹாலில் கேட்டதற்கு மேல் எழுதி மார்க்கைக் குறைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு.

பால் வண்டி போனபிறகு தாமோதரன் அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார். "மாடுன்னா கண்ணாடி மிஞ்சியிருக்காதுங்க. முழு மாடும் உங்க மடிக்கு வந்திருக்கும். செரி, மாடுன்னே இருக்கட்டும். நான் தகரத்தத்தான் பாக்கோணும், தகரத்துக்கு முன்னால நின்னது எனக்கெதுக்கு?"

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் புதுச் சாமான் போட்டால் நாற்பத்தைந்தாயிரம். இந்தப் பானெட்டைத் தட்டியே எடுக்கலாம், ஆனால் பட்டிப் பசை கனமாகப் பூச வேண்டும், ஆறு மாசத்தில் வெடித்து விழும். கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் பானெட், ஹெட்லைட், ரேடியேட்டர் மூன்றையும் எடுத்துவந்தால் பதினெட்டுக்குள் முடித்துவிடலாம். பம்பரைச் சூடு காட்டி ஒட்டிவிடலாம். ஏசி பெட்டி இப்போதைக்கு வேண்டாம். "காத்துக்கு கண்ணாடியத் தொறந்து உட்டுக்கோங்க, காடு பூரா காத்துத்தான்."

பாப்பா அவருடைய சுத்தியலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள்.

பிப்ரவரி 5, வியாழன்

பாப்பாவுக்குக் காய்ச்சல். பல் வருகிறது என்கிறார்கள். மோதிய அதிர்ச்சியாக இருக்குமோ என்று ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை தோன்றுகிறது. டாக்டர் "கீழ ஏதும் விழுந்துச்சா?" என்று கேட்பாரோ என்று பயந்துகொண்டே போனேன். கேட்கவில்லை. பாரசிட்டமால் சொட்டு மருந்து.

அவர் அரை நாள் லீவில் உக்கடம் போய்வந்தார். பானெட்டைப் பஸ்ஸின் மேலே கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். கண்டக்டர் அதற்கு இரண்டு டிக்கெட் கேட்டாராம். சிவப்புப் பானெட். எங்கள் வண்டி சாம்பல் நிறம். வேறு நிறம் கிடைக்கவில்லையாம். எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தானே போகிறோம். கடைக்கார பாய் சொன்னாராம்: "எதையாவது போய் இடிச்சவங்க பானெட் வாங்குவாங்க தம்பி, இடி வாங்கினவங்க டிக்கி வாங்குவாங்க. மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரியும்."

அதன் உள்பக்கத்தில் கரியாக ஒரு கை அச்சு இருந்தது. யாருடையதோ.

"மரம்னு சொல்லச் சொன்னா எதுக்கு மாடுன்னு சொன்ன?" என்றார்.

"மரத்துக்கு ரோமம் இருக்குமுங்களா மாமா?"

அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பிறகு நிறுத்த முடியாமல் போய்விட்டது. குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 7, சனி

அது உடனே செத்துவிட்டது என்று அவர் இன்றும் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

முன்பக்கம் முழுக்கப் பெயிண்டா, பானெட்டுக்கு மட்டுமா என்று கேட்கத் தாமோதரன் அண்ணன் கூப்பிட்டார். போனால் பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"நீங்கதானுங்களா மாட்ட அடிச்சது?"

பாப்பாவை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"பால் வண்டிக்காரர் சொன்னாருங்க. எம்பேரு கெம்பம்மா. காட்டோரத்துல ஊடு. அந்த ஞாயித்துக்கிழம என்ற மாட்டத்தான் எவனோ அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிட்டான். பண்ணாரி ரோட்டுலதானுங்." கவரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மஞ்சள் நிற வில்லை ஒன்று, மாட்டின் காதில் மாட்டுவது, எண் அச்சடித்தது. ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"அம்மா, நாங்க அடிச்சது உங்க மாடு இல்லீங்க."

"பின்ன யாரு மாடு?"

தாமோதரன் அண்ணன் பானெட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கெம்பம்மா பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் எங்கள் பழைய ரேடியேட்டரும் உடைந்த கிரில்லும் கிடந்தன. போய்க் குந்தி உட்கார்ந்தார். இடுக்கிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ற மாடு கரிக்கட்டையாட்டக் கருப்புங்க. இது செம்மயா இருக்குது." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் பொறந்து வளந்ததே காட்டோரந்தான் அம்மணி. இது மானு."

உப்புத்தாள் சத்தம் அதிகமாயிற்று.

நான் அழுதிருக்க வேண்டும், பாப்பா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கெம்பம்மா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காசு கேக்க வரலீங்க. பால் சங்கத்துல மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்குது. டாக்டரு அறுத்துப் பாத்து எழுதிக் குடுத்துட்டாரு. வண்டி அடிச்சதுன்னா ஸ்டேஷன் எழுத்து வேணும், வண்டி நம்பரு வேணும்ங்கறாங்க. ஓடிப்போனவன் நம்பருக்கு நான் எங்க போவேன்? அந்த மாடு இல்லாம எனக்கு அடுப்பு எரியாதுங்க." வில்லையைக் கவருக்குள் போட்டார். "நீங்க எல்லார்த்துகிட்டயும் மாடுன்னுதான சொல்லியிருக்கீங்க. அதையே ஸ்டேஷன்லயும் சொல்லிப்போடுங்க. நான் மான வாயிலயே எடுக்க மாட்டேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா என்னங்க பண்றது. பாரஸ்ட் ஆபீசு எங்கூட்டுக்கு எதுத்தாப்புலதான் இருக்குது." மிரட்டலாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டேன்.

பானெட்டுக்கு மட்டும் பெயிண்ட் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். முன்பக்கம் முழுக்க என்றால் இன்னும் மூவாயிரம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்று அவரிடம் சொன்னேன். முதலில் என்னைத் திட்டினார். பிறகு பால் வண்டிக்காரரை. பிறகு, இன்சூரன்ஸ் எவ்வளவோ அவ்வளவு காசை நாமே குடுத்துரலாம் என்றார். அது நம்மால் முடியாது என்று அவருக்கே தெரியும்.

இன்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனில் விசாரித்தார், "என் ஃபிரெண்டு ஒருத்தன்" என்று சொல்லி. மான் என்றால் பெரிய வம்பு. மாடு என்றால் ஸ்டேஷனோடு போய்விடும், மிஞ்சினால் கோர்ட்டில் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் அதுவும் கேஸ்தான். ஓட்டியவர் பேரில் பதிவாகும்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "உனக்கும் லைசென்ஸ் இருக்குதல்ல."

பிப்ரவரி 11, புதன்

காலையில் அவரே உப்புமா கிண்டினார். பாப்பாவைக் குளிக்க வைத்தார். அவள் காதில் தண்ணீர் போகாமல் கையை வைத்துக்கொள்ளக்கூடத் தெரிந்திருக்கிறது. ஒன்பது மாதமாக எனக்குத் தெரியாது.

அரசு வேலைக்கான என் தேர்வு முடிவு மார்ச்சில் வருமாம். செப்டம்பரில் எழுதினேன். அப்போது பாப்பாவுக்கு நான்கு மாதம். அம்மா அவளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்குப் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்துவிட்டது. இடது கையை மார்பில் அழுத்திக்கொண்டே வலது கையால் வட்டங்களை நிரப்பினேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில் அதைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. அவருக்கு நான்காவது தடவையில் கிடைத்தது. எனக்கு இது முதல் தடவை.

"உன்னுது வருமோ வராதோ. என்னுது கையில இருக்குது" என்றார்.

சரிதானே. நான் கணக்குப் படித்தவள். கையில் இருப்பது ஒன்று. வருமோ வராதோ என்பது ஒன்றைவிடக் குறைவு. எப்படிப் போட்டாலும் அப்படித்தான் வருகிறது.

பிப்ரவரி 12, வியாழன்

சரி என்று சொல்லிவிட்டேன். பாப்பாவுக்கு ராகிக் கூழ் இன்று முதல் முறை. துப்பவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

ஸ்டேஷன் உள்ளே நானும் கெம்பம்மாவும்தான் போனோம். இவர் பாப்பாவோடு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டார். அவரை அங்கே யாரும் கவனிக்கக் கூடாது.

ஏட்டு கொஞ்சம் வயதானவர். மேஜையில் மாத்திரை டப்பா. கெம்பம்மாவின் புகாரை எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பேரு?"

"மோகனப்பிரியாங்க சார்."

"என்ன படிச்சிருக்கறே?"

"எம்.எஸ்சி. கணக்குங்க."

"கணக்குப் படிச்ச புள்ள கணக்காப் பிரேக் புடிக்கோணுமல்ல?" அவரே சிரித்துக்கொண்டார். "வண்டிய ஓட்டுனது நீதான?"

"ஆமாங்க சார்."

"கூட யாரு இருந்தா?"

"வீட்டுக்காரர். பாப்பா. பாப்பா அவர் மடியில இருந்துச்சு." இதை வீட்டில் நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தோம். மாடு குறுக்கே வந்தது, பிரேக் அடித்தேன், பட்டுவிட்டது, பயத்தில் வீட்டுக்குப் போய்விட்டேன். நான்கு வரி. தடங்கலில்லாமல் சொன்னேன். அவர் எழுதினார்.

"அடிச்சதுமே செத்துருச்சா?"

ஆமாங்க சார் என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் சொல்லிப் பார்த்திருந்தோம். பெஞ்சில் கெம்பம்மா கவரை மடியில் வைத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

ஏட்டு பேனாவைத் தூக்கினார்.

"ஓரமாப் போய் விழுந்துச்சு. தலையத் தூக்குச்சு. முன்னங்கால ஊனி எந்திரிக்கப் பாத்துச்சு சார், பின்னங்கால் வரல. மறுபடி ஊனுச்சு. மூணு தடவ. நான் எறங்கி கிட்டப் போனேன். கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. மூச்சு வாங்குச்சு, வயிறு ஏறி ஏறி எறங்குச்சு. வாயத் தெறந்து தெறந்து மூடுச்சு. எங்கிட்ட தண்ணி பாட்டில் இருந்துச்சு சார். மூடியத் தெறந்துட்டேன். அதுக்குள்ள, ரேடியேட்டருக்கு வேணும், ஏறு, நேரமாகுதுன்னு..."

"யாரு சொன்னா?"

"நானேதாங்க சார். மனசுக்குள்ள. ஏறிட்டேன். கண்ணாடில பாத்தேன். அப்பவும் தல ஆடுச்சு."

ஏட்டு மாத்திரை டப்பாவை நகர்த்தி வைத்தார். "இதெல்லாம் எழுதோணும்னு இல்லம்மா. எழுதினா உனக்குத்தான் வம்பு." எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "மேற்படி பசுவானது சம்பவ இடத்திலேயே இறந்துவிட்டது." காகிதத்தை என் பக்கம் திருப்பினார். "படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடு."

"வேலைக்கு ஏதும் முயற்சி பண்றியா?" என்று கேட்டார், காகிதத்தை வாங்கிக்கொண்டே.

"இல்லீங்க சார்."

வெளியே படிக்கட்டில் கெம்பம்மா நின்றுவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் சொன்னது மானைப் பத்திங்க" என்று கிசுகிசுத்தேன்.

"தெரியுமுங்க. அது எனக்குத் தெரியாதுங்களா?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்றதும் அப்படித்தான கெடந்திருக்கும். காத்தால போய்த்தான் பாத்தேன். மண்ணுல கால் தேச்சு தேச்சு ஒரு மொழத்துக்குக் குழி உழுந்திருந்துச்சு. சாயங்காலம் ஊடு வரலைன்னதும் தேடிப் போயிருக்கோணும். மேலு வலிக்குதுன்னு படுத்துட்டேன் அம்மணி. அதுவா வந்துரும்னு படுத்துட்டேன்."

அவர் தோளைத் தொட்டேன். தொட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, புகார் நகலை அந்தக் கவருக்குள்ளேயே மடித்து வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இவர் ரோட்டைத் தாண்டி வந்தார். பாப்பா வாயெல்லாம் பிஸ்கட். "இவ்வளவு நேரமா? உள்ள என்ன சொன்ன?"

"மாடுன்னு சொன்னேன்."

பிப்ரவரி 16, திங்கள்

வண்டி வந்துவிட்டது. பத்தொன்பதாயிரத்து இருநூறு. ஆயிரத்து இருநூறு அதிகமானாலும் வேலை சுத்தம் என்று அவருக்குச் சந்தோஷம். நிழலில் வித்தியாசம் தெரியவில்லை. வெயிலில் பானெட் மட்டும் ஒரு சாயல் கூடுதலாக இருக்கிறது. "தெரிஞ்சு பாத்தாத்தான் தெரியும்" என்றார் தாமோதரன் அண்ணன். என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. பாப்பாவுக்கு மட்டும் ஒரு பழைய ஹாரன் பட்டனை விளையாடக் கொடுத்தார்.

திரும்பும்போது நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கோர்ட்டுக்குப் போய் அபராதம் கட்டினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள்.

பிப்ரவரி 25, புதன்

விசாரணைக்கு வந்துவிட்டார்கள். அதே ஏட்டு. செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துவிட்டார்.

"அட, நம்ம மாட்டுக்காரம்மா ஊடா இது?"

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் டீ போடப் போய்விட்டேன். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க மேல ஏதும் கேசு கீசு இருக்குதுங்களா தம்பி?"

"இல்லீங்க சார்."

"சம்சாரத்து மேலதான இருக்குது." சிரித்தார். "அது உங்களுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க. உங்களுதுக்கு உங்களத்தான் பாப்பாங்க." பக்கத்து வீட்டுக்காரர் இருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். டீயைக் குடித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று பானெட்டைத் தட்டிப் பார்த்தார். "தாமோதரன் கை. பாத்தாலே தெரியுது." என்னிடம் டம்ளரை நீட்டினார். வாங்கும்போது ஒரு வினாடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 12, வியாழன்

ஆர்டர் வந்துவிட்டது. ஈரோட்டில் போஸ்டிங். மாமியார் போனில் அழுதார். இவர் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினார், எனக்குப் புடவை எடுக்கலாம் என்றார். எனக்கும் சந்தோஷம்தான். சந்தோஷம் என்றே எழுதுகிறேன்.

கெம்பம்மாவுக்கு இன்சூரன்ஸ் வந்துவிட்டதாம். தாமோதரன் அண்ணன் சொன்னார். இன்னும் மாடு வாங்கவில்லையாம்.

மார்ச் 27, வெள்ளி

முடிவு வந்தது. என் எண் இருக்கிறது.

மூன்று தடவை சரிபார்த்தேன். மாவட்டத்தில் எத்தனையாவது என்றுகூடப் பார்த்துவிட்டேன். எழுதினால் பெருமை பேசுவது போலிருக்கும். அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். அம்மா, "ஆட்டோவுல உக்காந்து நான் பட்ட பாடு வீணாப் போகல" என்றாள்.

அவர் மாலையில் வந்து போனில் பார்த்தார். "பரவால்லையே" என்றார். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

சான்றிதழ் சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நேற்று அச்செடுத்துவந்தார். காலையில் பாப்பாவுக்கு இட்லி ஊட்டிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, கல்வி, கணவர் பெயர், கணவரின் பணி. பதினான்காவது கேள்வி: உங்கள் மீது எப்போதேனும் குற்ற வழக்கு பதிவு செய்யப்பட்டுள்ளதா? ஆம், இல்லை. ஆம் எனில் விவரம்.

அவர் ஆபீசுக்குக் கிளம்பி, சட்டைக் கையை மடித்துக்கொண்டே பின்னால் வந்து நின்றார்.

"இல்லைன்னு போடு. அபராதம் கட்டி முடிஞ்சுபோனது. யாரு நோண்டப் போறா?"

"ஏட்டு வருவாருங்க மாமா. இதே ஊட்டுக்கு. டீ குடிச்ச டம்ளர் கூட இன்னும் அங்கதான் இருக்குது."

அவருக்கு அது தோன்றவில்லை போல. கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப உள்ளதப் போடு. தந்தா தரட்டும். இல்லைன்னா விடு, இப்ப என்ன? எனக்குத்தான் வந்துருச்சல்ல. பாப்பாவையும் பாத்துக்கோணும்." அன்பாகத்தான் சொன்னார். என் தலையில் கைகூட வைத்தார்.

"உள்ளதைன்னா எதைங்க மாமா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஆம் என்பதில் குறி போட்டேன். வழக்கு எண் மனப்பாடம். விவரத்துக்கு இரண்டு வரிதான் இடம். பசு மாடு ஒன்று என்று தொடங்கினேன். வாகனத்தை ஓட்டியவர் விண்ணப்பதாரர் என்று முடித்தேன். ஸ்டேஷனில் உள்ளதோடு ஒரு எழுத்து மாறாமல் இருக்க வேண்டும், மாறினால் அதற்கும் கேட்பார்கள். கடைசியில் அச்சடித்திருந்தது: மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன்.

அவருக்கு நேரமாகிவிட்டது. "பேனாவக் குடு, ஆபீசுக்கு வேணும்" என்று கையை நீட்டினார்.

மூடியைப் போட்டுக் கொடுத்தேன்.